நிலத்தடி அறையில் ஒரு திரையரங்கு: வாசகர் கேள்வி பதில்

வீட்டின் நிலத்தடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றுவது பற்றிய கடிதங்கள் இம்முறை நிறைய வந்திருக்கின்றன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்தும் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிலத்தடி அறை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உடையது. மூன்று பக்கம் கான்கிரீட் சுவர். நான்காவது பக்கம் படிக்கட்டை மறைக்கும் மெல்லிய தடுப்பு. பதினொரு ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) அடங்கிய தொகுப்பை வாங்கும்படி பரிந்துரைக்கிறார்கள். நாங்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அறையிலிருந்து தொடங்க வேண்டும்; ஸ்பீக்கர் பட்டியலை அதுவரை மடித்து வைத்துவிடலாம். தரைக்கு மேலே உள்ள அறைகளில் சன்னலும் கதவும் மெல்லிய சுவர்களும் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. மண்ணுக்குள் இறங்கிய கான்கிரீட் சுவர் அப்படி விடுவதில்லை. தன்மேல் மோதும் பாஸை, அதாவது அந்தத் தாழ்ந்த ஒலியை, ஏறத்தாழ முழுவதுமாக அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. இதனால் குறைந்த ஆற்றலிலேயே ஆழமான பாஸ் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த பாஸ் அறை முழுவதும் ஒரே அளவாக இருக்காது; ஓர் இருக்கையில் காதை அடைக்கும், இரண்டடி தள்ளி அமர்ந்தால் காணாமற்போகும்.

இதற்கான காரணத்தை எளிய கணக்கால் பார்த்துவிடலாம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இருமடங்கால் அதை வகுத்தால், அந்தத் திசையில் அறை முதன்முதலாக ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கும் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் அறைக்கு அது நீளவாக்கில் ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 43, உயரவாக்கில் 71. இவற்றின் இருமடங்கிலும் மும்மடங்கிலும் அதே விளைவு மீண்டும் தோன்றும். இதில் உங்கள் அறைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: நீளத்தின் மும்மடங்கும் அகலத்தின் இருமடங்கும் ஒரே இடத்தில், அதாவது 86 ஹெர்ட்ஸில், வந்து சேர்கின்றன. 6க்கு 4 என்ற விகிதத்தின் விளைவு இது. எந்த ஸ்பீக்கரை வாங்கினாலும், எவ்வளவு செலவழித்தாலும், அந்த இடத்தில் ஒலி தடித்துக் கேட்கும்.

எனவே முதல் முடிவு இருக்கை எங்கே என்பதே. பின்சுவரோடு ஒட்டி அமர்ந்தால் எல்லா நீளவாக்கு அலைகளின் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும் இடத்தில் தலையை வைத்ததாக ஆகும். அறையின் சரிபாதியில் அமர்ந்தாலோ 29 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. முன்சுவரிலிருந்து 3.6 முதல் 4 மீட்டருக்குள் காது அமையுமாறு இருக்கையைப் போடுங்கள். சோபாவைச் சுவரோடு சேர்த்துப் போட்டால்தான் அறை பெரிதாகத் தெரியும் என்று வீட்டில் வாதம் எழும்; நானும் அந்த வாதத்தில் தோற்றுப் பல ஆண்டுகள் பின்சுவரில் தலையைச் சாய்த்தபடி படம் பார்த்தவன்தான்.

இரண்டாவது முடிவு, பதினொரு ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் என்ற கணக்கை மாற்றி, ஸ்பீக்கர்களைக் குறைத்துச் சப்வூஃபரை இரண்டாக்குவது. செவ்வக அறைகளில் சப்வூஃபர்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றி மாற்றி ஆராய்ந்து ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் வைக்கும் இரண்டு சப்வூஃபர்கள் இருக்கைக்கு இருக்கை மாறும் பாஸைப் பெருமளவு சமப்படுத்துகின்றன என்று காட்டியது. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று என்று வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் இயக்கும்போது, 29 ஹெர்ட்ஸ் போன்ற ஒற்றைப்படை நீளவாக்கு அலைகளை அவை ஒன்றையொன்று எதிர்த்து எழவிடாமல் செய்கின்றன. அகலவாக்கில் இரண்டும் நடுவில் இருப்பதால் 43 ஹெர்ட்ஸ் அலையும் தூண்டப்படுவதில்லை. அகலத்தின் பங்காக 86 ஹெர்ட்ஸில் ஒரு மேடு எஞ்சி நிற்கும். அது மேடு என்பதால் பின்னர் மின்னணு முறையில் வெட்டிவிடலாம். ஒரே பெரிய சப்வூஃபர் இதைச் செய்ய முடியாது. அதன் வலிமை எவ்வளவாக இருந்தாலும் அது நிற்பது ஓரிடத்தில்தானே!

ஒரு சப்வூஃபர்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. சப்வூஃபரை நீங்கள் அமரும் இருக்கையின் மேலேயே வைத்து, பாஸ் மிகுந்த இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் காதைத் தாழ்த்தியபடி தவழ்ந்து செல்லுங்கள். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்கிறதோ அந்த இடம் சப்வூஃபருக்கு உரியது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்; முறை இயற்பியல்படி சரியானது.

முன்பக்க ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அனைத்தையும் சப்வூஃபரே ஏற்றுக்கொள்ளும் அமைப்பில் ஆளுயரக் கோபுர ஸ்பீக்கர்களின் கூடுதல் பாஸுக்கு வேலை இல்லை. அதே வரிசையைச் சேர்ந்த தரமான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் மூன்றும், பக்கவாட்டிற்கு அதைவிடச் சிறியவை இரண்டும், இரண்டு சப்வூஃபர்களும் உங்கள் அறைக்குப் பொருத்தமான தொடக்கம். 4 மீட்டர் அகலத்தில் இடது வலது ஸ்பீக்கர்களை மையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைக்க முடியும். அப்போது அவை இருக்கையிலிருந்து பார்க்கையில் சுமார் 24 பாகைக் கோணத்தில் அமையும். பரிந்துரைக்கப்படும் 22 முதல் 30 பாகை வரம்புக்குள் அது அடங்கும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, அதாவது 90 முதல் 110 பாகைக்குள், இருக்கட்டும்.

கேள்வி: ஒரு ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் மையக் கருவி) அட்டையில் ஒவ்வொரு சானலுக்கும் (ஒரு ஸ்பீக்கருக்கு உரிய ஒலித்தடம்) 150 வாட் என்றும், மற்றொன்றில் 90 வாட் என்றும் போட்டிருக்கிறது. 90 வாட் உடையதன் விலைதான் அதிகம். இது எப்படி? எனக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை?

பதில்: அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். ஒரே ஒரு சானலை மட்டும், ஒரே ஓர் அதிர்வெண்ணில், 6 ஓம் சுமையில், 10 சதவீதச் சிதைவு வரும் வரை விரட்டினால் கிடைக்கும் 150 வாட் வேறு. இரண்டு சானல்களை ஒரே சமயத்தில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் சுமையில், 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவோடு தொடர்ந்து தரும் 90 வாட் வேறு. இரண்டாவது வகை ரிசீவரே பெரும்பாலும் வலிமையானது. ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே நிபந்தனையில் ஒப்பிட வேண்டும்.

எத்தனை வாட் தேவை என்பதை வாட்டைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஸ்பீக்கரின் உணர்திறனையும் (குறிப்பிட்ட ஆற்றலுக்கு அது எவ்வளவு ஒலி தருகிறது என்பது) நீங்கள் அமரும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரைப்பட ஒலி கலக்கப்படும் அளவுகோலின்படி ஒவ்வொரு முதன்மைச் சானலின் உச்சமும் இருக்கையில் 105 டெசிபல். உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தருகிறது என்றும், நீங்கள் 3.5 மீட்டர் தள்ளி அமர்கிறீர்கள் என்றும் கொள்வோம். திறந்தவெளிக் கணக்கில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 11 டெசிபல் குறையும். 105ஐ எட்ட 28 டெசிபல் கூட்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 630 வாட் தேவை. இந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். அந்த அளவுகோலின் முழு ஒலியில் வீட்டில் படம் பார்ப்பவர் அரிது. அதைவிட 10 டெசிபல் குறைத்து வைத்தால், காதுக்குப் பாதி உரப்பாகத் தோன்றும் அந்த அளவுக்குச் சுமார் 63 வாட் போதும். சுவர்களின் எதிரொலிப்பு கொஞ்சம் கைகொடுப்பதால் நடைமுறையில் இதைவிடவும் குறைவாகவே செலவாகும்.

அதே இருக்கைக்கு 94 டெசிபல் உணர்திறன் உடைய ஸ்பீக்கரை வைத்தால், 630 என்பது 160க்கும் கீழே இறங்கிவிடுகிறது. உணர்திறனில் 3 டெசிபல் கூடினால் ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை இருமடங்காக்கியதற்குச் சமம் என்பதே இதன் பொருள். 90 வாட்டிலிருந்து 110 வாட்டுக்கு மாறினால் கிடைப்பது 1 டெசிபலுக்கும் குறைவு. காதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு சிறு எச்சரிக்கை: உணர்திறனைச் சில நிறுவனங்கள் 1 வாட்டில் குறிப்பதில்லை, 2.83 வோல்ட்டில் குறிக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே; 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட் என்பதால், அட்டையில் உள்ள எண் 3 டெசிபல் மிகையாகத் தெரியும்.

ரிசீவரில் வாட்டைவிட நான் முதலில் தேடுவது இரண்டு வசதிகளை. பின்னாளில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்க உதவும் ப்ரீ-அவுட் முனைகள் ஒன்று. இரண்டு சப்வூஃபர்களுக்குத் தனித்தனியாகத் தாமதமும் அளவும் அமைக்கும் வசதி மற்றொன்று. இரண்டு சப்வூஃபர் முனைகள் இருப்பதாலேயே தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு என்று நம்பிவிடக் கூடாது; ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தருபவையும் உண்டு.

கேள்வி: வெடிச்சத்தம் வீட்டையே அதிர வைக்கிறது, ஆனால் கதாபாத்திரங்கள் பேசுவது புரியவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. சென்டர் ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வசனத்தின் பெரும்பகுதி வருவது அந்த ஒரே ஸ்பீக்கரில்தான். ஆனால் பல வீடுகளில் அது அலமாரியின் ஆழத்தில், தொலைக்காட்சிக்கு அடியில், முழங்காலைப் பார்த்தபடி கிடக்கிறது. அதை அலமாரியின் விளிம்புவரை முன்னுக்கு இழுத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்திக் காதை நோக்கித் திருப்புங்கள். இந்த மாற்றத்திற்குச் செலவு எதுவும் இல்லை. கிடைக்கும் தெளிவோ சில சமயம் புது ஸ்பீக்கர் வாங்கியதற்கு ஈடாக இருக்கும்.

அடுத்து, பக்கவாட்டில் அமர்பவர்களுக்கு மட்டும் வசனம் மங்கலாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். படுக்கவைத்த சென்டர் ஸ்பீக்கர்களில், உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டரின் இருபுறமும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வூஃபர்கள் (தாழ்ந்த, நடு ஒலிகளைத் தருபவை) இருக்கும். நேரெதிரே அமர்பவருக்கு இரண்டின் ஒலியும் ஒரே சமயத்தில் வந்துசேரும். பக்கத்தில் அமர்பவருக்கு ஒன்று சற்று முந்தியும் மற்றது சற்றுப் பிந்தியும் வருவதால், சில அதிர்வெண்களில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். பேச்சு தெளிவாக விளங்குவதற்கு இன்றியமையாத நடு அதிர்வெண்களிலேயே இது பெரும்பாலும் நிகழ்வதுதான் கொடுமை. ட்வீட்டரும் நடு அதிர்வெண் ஸ்பீக்கரும் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த மூன்றுவழி சென்டர் ஸ்பீக்கரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதைவிடச் சிறந்த வழி, ஒலி ஊடுருவும் நெய்த திரையைப் பொருத்தி, இடது வலது ஸ்பீக்கர்களைப் போன்ற இன்னொன்றையே நிமிர்த்தித் திரைக்குப் பின்னால் வைப்பது. வசனம் நடிகரின் வாயிலிருந்தே வருவதுபோல் கேட்கும். புரொஜெக்டர் வைக்க முடிவு செய்தவர்கள் இதைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். பின்னர் யோசித்தால் திரைக்குப் பின்னே இடம் இருக்காது.

வெற்றுக் கான்கிரீட்டும் ஓடு பதித்த தரையும் உள்ள அறையில் எந்த சென்டர் ஸ்பீக்கரும் தெளிவாகப் பேசாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியைப் பிடித்தபடி நகரச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து எந்த இடத்தில் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் ஒலி உறிஞ்சும் பலகையை மாட்டுங்கள். ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) அல்லது கண்ணாடி இழை நிரப்பிய, 10 சென்டிமீட்டர் தடிமன் உடைய பலகையாக அது இருக்கட்டும். ஒட்டக்கூடிய மெல்லிய ஸ்பாஞ்சு உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதால், அறை மந்தமாகவும் அதே வேளையில் இரைச்சலாகவும் ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் அறையின் உயரம் 2.2 மீட்டர்தான். டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) அமைக்க முடியுமா? மேல்நோக்கி ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்கள் போதுமா?

பதில்: முடியும், ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டும். திரையரங்குகளுக்கு 2012லும் வீடுகளுக்கு 2014லும் வந்த இந்த முறையின் சுவை, தலைக்கு மேலே கேட்பதற்கும் சுற்றிலும் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. அமர்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் அறையில் அதற்கு மேலே 1.2 மீட்டர்தான் மிச்சம். எனவே பக்கவாட்டு ஸ்பீக்கர்களைப் பழைய வழக்கப்படி உயரத்தில் மாட்டாமல் காது மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். அப்போதுதான் மேலிருந்து வருவது மேலிருந்து வருவதாகத் தெரியும். கூரை ஸ்பீக்கர்கள் நான்கு வைப்பதானால் இருக்கைக்கு முன்னே 1.2 மீட்டரிலும் பின்னே 1.2 மீட்டரிலும் வைத்தால் 45 பாகைக் கோணம் அமையும். பின்னால் அந்த இடம் இல்லாதவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மேல்நோக்கி ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்கள் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்புபவை. கூரை சமதளமாகவும் கெட்டியாகவும் இருந்தால் ஓரளவு பயன் தரும். பல நிலத்தடி அறைகளில் கூரை என்பது உத்திரங்களும் குழாய்களும் காற்றுக் குழல்களும் தெரியும் மேடு பள்ளம். ஒலி உறிஞ்சும் ஓடு பதித்தவர்களும் உண்டு. அங்கெல்லாம் அவை வீண்.

கேள்வி: மேல்மாடியில் குழந்தை உறங்கும். இரவில் படம் பார்க்க, சுவர் முழுவதும் ஸ்பாஞ்சு ஒட்டினால் சத்தம் மேலே போகாதா?

பதில்: போகும். இந்த ஒரு தவறான நம்பிக்கைக்காக மக்கள் செலவழிப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை. அறையை விட்டு ஒலி வெளியேறாமல் தடுப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவதற்கு மென்மையான, துளைகள் நிறைந்த பொருள் வேண்டும். இரண்டாவதற்கு எடை மிகுந்த, காற்றுப் புகாத பொருள் வேண்டும். ஸ்பாஞ்சில் எடையும் இல்லை, காற்றைத் தடுக்கும் தன்மையும் இல்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் மேல்; அதற்கு முன்னால் இரண்டு விரற்கடைத் தடிமன் உள்ள ஸ்பாஞ்சு ஒரு பொருட்டே அல்ல.

நிலத்தடி அறையில் மண்ணே நான்கு பக்கமும் காவல் நிற்கிறது. கசிவது கூரை வழியாகவும் படிக்கட்டு வழியாகவும்தான். கூரையில் உத்திரங்களுக்கு இடையே ராக்வூல் நிரப்பி, உத்திரத்தோடு நேரடியாகத் தொடாதபடி அதிர்வைத் தாங்கும் கிளிப்புகளில் சட்டத்தைத் தொங்கவிட்டு, அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகைகளை இடையே அதிர்வு தணிக்கும் பசை பூசிப் பொருத்துவது நன்கு பயன்தரும் முறை. ஏற்கெனவே ஜிப்சம் கூரை இருக்குமானால் அதற்குக் கீழே சிறு இடைவெளி விட்டு மற்றொரு கூரையைத் தொங்கவிட வேண்டாம். மூன்று தளங்களுக்கு இடையே இரண்டு காற்றறைகள் உண்டாகி, தாழ்ந்த ஒலி முன்னைவிட எளிதாகக் கடந்து செல்லும். பழையதைக் கழற்றிவிட்டுச் செய்வதே முறை.

இவ்வளவும் செய்துவிட்டுக் கதவை மறந்துவிடுபவர்கள் உண்டு. தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் போதும், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. உள்ளே வெற்றிடம் இல்லாத கனத்த கதவு, நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை, அடியில் இறங்கி மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும். முந்தைய கேள்விக்கு உரிய வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும்: கூரையில் ஸ்பீக்கருக்காக வெட்டும் ஒவ்வொரு துளையும் இந்தக் கணக்கில் சேரும். பின்புறம் மூடிய பெட்டிக்குள் வைக்காவிட்டால், அட்மாஸ் ஒலியை மேல்மாடிக் குழந்தையும் கேட்கும்.

கட்டுமான வேலை இயலாதவர்கள், இருக்கைக்கு அடியில் திருகிப் பொருத்தும் அதிர்வூட்டியைப் பரிசீலிக்கலாம். இருக்கையின் கால்களுக்கு ரப்பர் தாங்கி கொடுத்துவிட்டால் அதிர்வு உடலுக்கு மட்டும் தெரியும். சப்வூஃபரின் ஒலியை நன்றாகக் குறைத்து வைக்கலாம். ரிசீவரில் உள்ள இரவுநேர வசதி உரத்த ஒலியைக் குறைத்து மெல்லிய ஒலியை உயர்த்தும். கலைநயம் பார்த்தால் அது பாவம்தான். தொட்டிலில் குழந்தை இருக்கும் வீட்டில் மன்னிக்கத்தக்க பாவம்.

கேள்வி: புரொஜெக்டரா, பெரிய தொலைக்காட்சியா? எத்தனை அங்குலம்?

பதில்: வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியாத அறைகளில்தான் இது கடினமான கேள்வி. சன்னல் இல்லாத நிலத்தடி அறை புரொஜெக்டருக்கென்றே அமைந்தது. இருக்கையிலிருந்து திரை 3.8 மீட்டர் தள்ளி இருந்தால், 100 அங்குலத் திரை (அகலம் 221 சென்டிமீட்டர்) சுமார் 32 பாகையையும், 120 அங்குலத் திரை (அகலம் 266 சென்டிமீட்டர்) சுமார் 39 பாகையையும் பார்வையில் நிரப்பும். 30 முதல் 40 பாகை வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. அதற்குள் உங்கள் கண்ணுக்கு எது இதமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். புரொஜெக்டரின் எறிவிகிதத்தை (திரையின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் அது நிற்க வேண்டும் என்ற எண்) திரையின் அகலத்தால் பெருக்கி, வரும் தூரம் அறைக்குள் அடங்குகிறதா என்று வாங்கும் முன் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். திரைக்கு அருகில் உள்ள கூரையையும் சுவரையும் பளபளப்பில்லாத அடர்நிறத்தில் பூசுங்கள். வெள்ளைக் கூரை திரையின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். விலையுயர்ந்த புரொஜெக்டர் வாங்கி வெள்ளைக் கூரையின் கீழ் மாட்டுவதைவிட, நடுத்தரமானதை வாங்கி ஒரு டப்பா அடர்நிறப் பெயின்ட் வாங்குவது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: கேபிள்களில் எவற்றுக்குச் செலவு செய்யலாம்?

பதில்: ஸ்பீக்கர் கேபிளுக்குத் தடிமன் போதும், புகழ் வேண்டாம். 10 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் போகவரத் தடை 0.14 ஓம் அளவே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்படுத்தத்தக்கதல்ல. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பதுண்டு, அதைத் தவிருங்கள். புரொஜெக்டருக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வேறு விதம். சாதாரணச் செம்புக் கேபிள் ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் 4கே படம் விட்டுவிட்டு வரத் தொடங்கலாம். அங்கே ஒளியிழைக் கேபிள் பயன்படுத்துங்கள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனை கருவிக்கும் மறுமுனை திரைக்கும் என்று குறித்திருப்பார்கள். எதையும் சுவருக்குள் நேரடியாகப் புதைக்காமல் அகலமான குழாய்க்குள் செலுத்தி, அதனுள் ஓர் இழுகயிற்றையும் விட்டுவையுங்கள். நான் ஒருமுறை குழாயின்றிப் புதைத்துவிட்டு, கேபிள் பழுதானபோது முடித்த சுவரை உடைத்தேன்.

கேள்வி: மழைக்காலத்தில் அறையில் ஈர வாடை வருகிறது. கருவிகளுக்குக் கேடு உண்டா?

பதில்: உண்டு, கருவிகளைவிட முன்னதாகப் பலகையும் கம்பளமும் பூசணம் பிடிக்கும். ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது; வெளிப்பக்கம் படிந்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. சுவர் வழி வருவதை வெளிப்புறத்தில் சரிசெய்த பிறகே உள்வேலையைத் தொடங்க வேண்டும். காற்றில் உள்ளதற்கு ஈரம் நீக்கும் கருவியை வைத்து, ஒப்பு ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். அந்தக் கருவி ஓடும் இரைச்சல் மெல்லிய வசனத்தை மூழ்கடிக்கும் என்பதால் படம் ஓடும்போது நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அளவீடு செய்தேன். முன்பக்க ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்றும், இரண்டு மீட்டரில் உள்ள சப்வூஃபரை மூன்றரை மீட்டரில் இருப்பதாகவும் காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. 'லார்ஜ்' என்பது ஸ்பீக்கரின் பெருமையைச் சொல்லும் பட்டம் அல்ல; பாஸ் முழுவதையும் அதற்கே அனுப்பு என்ற கட்டளை. சப்வூஃபர் இருக்கும்போது அதை 'ஸ்மால்' என்று மாற்றி, பிரிப்பு அதிர்வெண்ணை (எதற்குக் கீழ் உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கும் அது பெரிய ஓய்வு. அளவீட்டின்போது மைக் காதின் உயரத்தில், தாங்கியில் நிற்க வேண்டும். சோபாவின் சாய்மானத்தில் வைத்திருந்தால் மீண்டும் செய்யுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் அந்த ஓர் இடத்துக்கே திருத்தம் நடக்கும் என்பதால், கருவி அனுமதிக்கும் எல்லா இடங்களிலும் அளக்க வேண்டும்.

திருத்தத்துக்குப் பிறகும் ஓர் இருக்கையில் பாஸ் குழி விழுந்திருந்தால், அந்த அதிர்வெண்ணைக் கையால் உயர்த்திப் பயனில்லை. இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது; எவ்வளவு ஊற்றினாலும் இரண்டும் சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே அழியும், ஆம்ப்ளிஃபயர்தான் களைத்துப்போகும். சப்வூஃபரையோ இருக்கையையோ அரை மீட்டர் நகர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சப்வூஃபரின் தூரம் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அதன் உள்ளே உள்ள மின்சுற்று ஒலியை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு தாமதித்தே வெளியிடுவது. ரிசீவர் அளப்பது நேரத்தை. காட்டுவது அந்த நேரத்தை மீட்டராக மாற்றிய கணக்கை. நீங்கள் நாடாவால் அளந்த இரண்டு மீட்டரை அங்கே பதித்துவிட்டால் சப்வூஃபர் மற்றவற்றுக்குப் பின்தங்கி ஒலிக்கும். மூன்றரையை அப்படியே விட்டுவிடுங்கள்.